அவன் அக்கா பெயரில் ஒரு நட்சத்திரம்

அந்தப் பவர் பேங்க்கைக் கொஞ்ச நேரம் தர முடியுமா தம்பி? கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கும்பகோணத்தில் நீங்கள் ஏறியதிலிருந்து கவனித்துக்கொண்டு வருகிறேன், உங்கள் போனில் சார்ஜ் நிறைய இருக்கிறது. என்னுடையது சாகப்போகிறது. திருச்சி போகும்வரை அது உயிரோடு இருந்தால் போதும். அப்புறம் செத்தாலும் பரவாயில்லை.

நன்றி. வயர் சேருகிறதா? சேர்ந்துவிட்டது. ஏறுகிறது, ஏறுகிறது.

அவசரமா என்றால் அவசரம்தான். இல்லை, ஆஸ்பத்திரி விஷயம் இல்லை. ஆஸ்பத்திரிக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன், ஆனால் அவசரம் அதில் இல்லை. ஒருத்தனைப் பழிவாங்க வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் போன்.

சிரிக்கிறீர்கள். நல்லது. எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுவீர்களோ என்று நினைத்தேன். இதோ பாருங்கள், இந்தக் கறுப்புத் திரையில் மஞ்சளாக ஒரு கோடு ஊர்கிறதா? அது என் படை. காலையில் சிதம்பரத்தில் பஸ் ஏறும்போது கிளப்பிவிட்டேன். நாம் வல்லம் தாண்டுகிற நேரத்துக்கு அது போய்ச் சேரும். சேர்ந்ததும் எதை அடிப்பது என்று நான் தொட்டுக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் படை திரும்பிவிடும். அந்த நேரம் பார்த்து போன் செத்தால் இத்தனை மாதம் நான் காத்திருந்ததெல்லாம் வீண்.

ஆமாம், விளையாட்டுதான். ஐம்பத்தாறு வயதில் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் விளையாடுகிறானே என்று நினைப்பீர்கள். நானே நினைத்திருக்கிறேன். இப்படி ஆகிவிட்டோமே, இது நம்முடைய குணம்தானா, அல்லது இது எப்போதும் உள்ளே இருந்து இப்போதுதான் வெளியே வந்ததா என்று யோசித்திருக்கிறேன். யோசித்து முடித்த பிறகும் கோபம் அப்படியேதான் இருக்கிறது. யோசனையால் தணிகிற கோபம் இல்லை இது.

அவன் பெயர் கலியமூர்த்தி. என் மனைவி வசுமதிக்கு ஒரே தம்பி. தோஹாவில் கட்டுமான கம்பெனியில் கிரேன் பிரிவில் சூப்பர்வைசர். இந்த விளையாட்டை எனக்குக் கற்றுக்கொடுத்தவனே அவன்தான். கொரோனா காலத்தில், ஊருக்கு வர முடியாமல் அங்கே மாட்டிக்கொண்டு, தினமும் போன் பண்ணுவான். “அத்தான், சும்மா உக்காந்து டிவியப் பாத்துக்கிட்டு என்ன பண்றீங்க? இத எறக்குங்க. உங்களுக்குப் புடிக்கும். கரண்டு கணக்கெல்லாம் வருது இதுல.”

நான் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். துணை மின் நிலையத்தில் ஷிஃப்ட். டிரான்ஸ்பார்மர் இரைந்துகொண்டே இருக்கும், அளவுகளைப் பார்த்துச் சொல்லிவிட்டால் மறுபடி சும்மா. எனக்கு அது சரியாகப் பொருந்தியது. ஒரு பெரிய வான மண்டலம், தம்பி. உலகம் முழுக்க இருந்து ஆட்கள். ஆளுக்கு ஒரு கிரகத்தில் ஆரம்பித்து, நட்சத்திரம் நட்சத்திரமாகப் பிடிக்க வேண்டும். அதன் வெளிச்சத்தை எடுத்துத்தான் கப்பல் கட்ட முடியும். கலியன் ஒரு கூட்டணி வைத்திருந்தான். தில்லைப் படை என்று பெயர். எங்கள் சொந்தக்காரர்கள், அவனோடு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள், எல்லோரும் அதில். அவன்தான் தலைவன்.

எல்லோரும் நடுவில் இருக்கிற நல்ல நட்சத்திரங்களுக்காக அடித்துக்கொள்வார்கள். நம் சூரியன் மாதிரி சாதுவான மஞ்சள் நட்சத்திரங்கள். நான் ஓரத்துக்குப் போனேன். எனக்கு எப்போதும் கூட்டம் ஆகாது. ஒற்றைக் கப்பலை விட்டுத் துழாவிக்கொண்டே இருப்பேன். அங்கே விசித்திரமானவையெல்லாம் இருக்கும். செத்துப்போன நட்சத்திரம், ஊரளவுக்குச் சுருங்கிப்போய்ப் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். தாய் நட்சத்திரமே இல்லாமல் இருட்டில் தனியாகப் போகிற கிரகம் இருக்கும். மூன்று நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றுகிற இடம் ஒன்று உண்டு, அங்கே கப்பல் போனால் எந்தப் பக்கம் இழுக்கும் என்றே தெரியாது.

போன ஆடி மாதம் என் கப்பல் ஓர் இடத்துக்குப் போனது. திரை முழுக்கச் சிவப்பு. போன் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். விரலால் சுருக்கிச் சுருக்கிப் பார்க்கிறேன், சிவப்பு முடியவே இல்லை. அப்புறம்தான் ஓரம் தெரிந்தது. அவ்வளவு பெரிய நட்சத்திரம். ராட்சசன். நம் சூரியனை அதன் பக்கத்தில் வைத்தால் கடுகு. அது தளும்பிக்கொண்டிருந்தது தம்பி, கொதிக்கிற பால் மாதிரி. அதன் பக்கத்தில் குட்டியாக வெள்ளையாக இன்னொன்று. பெரியதிலிருந்து ஒரு சிவப்பு நூல் இறங்கி அந்தக் குட்டிக்குள் போய்க்கொண்டே இருந்தது. பெரியது கொடுக்கிறது, சின்னது குடிக்கிறது. டிரான்ஸ்பார்மர் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலில் கண்டுபிடிக்கிறவன் பெயர் வைக்கலாம். நான் என் பெயரை வைத்தேன். நடனசபாபதி. வைக்கக்கூடாதா? முப்பது வருஷம் வேலை பார்த்தேன், புதுத் துணை மின் நிலையம் திறந்தபோது கல்வெட்டில் எல்லோர் பெயரும் இருந்தது, லைன் இழுத்தவன் பெயர் இல்லை. இந்தக் கலியமூர்த்தி கல்யாணப் பத்திரிகையில் என் பெயர் எங்கே இருந்தது தெரியுமா? மூத்த மாப்பிள்ளை நான். கடைசி வரியில், குழந்தைகள் பெயருக்கு மேலே, இன்ஷியல் தப்பாக. “அச்சுக்காரன் தப்பு அத்தான்” என்றான். இருபது வருஷமாகிறது. விடுங்கள். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை.

கார்த்திகையில் வசுமதிக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. முகமும் ஊதியது. டாக்டர் கிட்னி என்றார். நான் மாலை போட்டேன். அவளுக்காகத்தான். மாலை போட்டிருக்கும்போது இந்த விளையாட்டெல்லாம் கூடாது என்று குருசாமி சொல்லிவிட்டார். நான் கலியனுக்குப் போன் பண்ணி, “மாப்ள, மலைக்குப் போய்ட்டு வர்ற வரைக்கும் என் நட்சத்திரத்தக் கொஞ்சம் பாத்துக்க” என்றேன். “நீங்க நிம்மதியாப் போய்ட்டு வாங்க அத்தான். நான் பாத்துக்கிறேன்” என்றான். அந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.

திரும்பி வந்து மாலையைக் கழற்றிவிட்டு, குளித்துவிட்டு, போனைத் திறக்கிறேன். என் நட்சத்திரம் அவன் நிறத்தில் இருக்கிறது. தில்லைப் படை நிறம்கூட இல்லை, அவனுடைய சொந்தப் பச்சை. என் பெயரை எடுத்துவிட்டான். வசுமதி என்று வைத்திருக்கிறான்.

என்ன கேட்டீர்கள்? என் மனைவி பெயர்தானே என்றா? அதைத்தான் தம்பி சொல்கிறேன். அவன் அக்கா பெயர். நான் கண்டுபிடித்த நட்சத்திரத்துக்கு அவன் அக்கா பெயர்.

அவன் சொன்ன காரணத்தையும் கேளுங்கள். இந்த விளையாட்டில் ஒரு மாதம் சொந்தக்காரன் எட்டிப் பார்க்காவிட்டால் நட்சத்திரம் பொதுவாகிவிடும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அதனால் அவன் எடுத்தானாம். லீவு போட்டுவிட்டு, அது பொதுவாகிப்போன அந்த நிமிஷமே எடுத்தானாம். ஒரு நிமிஷம் விடவில்லை பாருங்கள்! அவ்வளவு ஆசை.

வேறு யாராவது எடுத்திருப்பார்கள் என்கிறீர்கள். எடுக்கட்டுமே. அந்நியன் எடுத்தால் எனக்கு வலிக்காது. திருப்பிக் கொடு என்றேன். திருப்பிக் கொடுக்க விளையாட்டில் வழியே கிடையாதாம். “சண்டை போட்டுத்தான் அத்தான் எடுக்க முடியும். சண்டை போட்டா அது தாங்காது. அந்த வெள்ளைக் குட்டி குடிச்சுக் குடிச்சு ரொம்பி நிக்குது. ரொம்பி வழிஞ்சா வெடிச்சுடும். நான் நடுவுல குடை போட்டுக்கிட்டிருக்கேன்.” குடை என்றால் ஏதோ மிதக்கும் நிலையம். நான் சரியாகக் கேட்கவில்லை. திருடினவன் விளக்கம் சொல்லும்போது யார் காது கொடுத்துக் கேட்பார்கள்?

பெயரை ஏன் மாற்றினாய் என்றேன். “அக்காவுக்கு உடம்பு முடியாத நேரம் அத்தான். ஒரு வேண்டுதல் மாதிரின்னு வச்சுக்குங்க. அது வெடிக்காம இருக்குற வரைக்கும் அக்காவுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு மனசுல ஒரு இது” என்றான்.

கேட்டீர்களா? போனில் இருக்கிற ஒரு படத்துக்கு வேண்டுதல். பைத்தியக்காரன். நான் நெய்த் தேங்காய் சுமந்து மலை ஏறிவிட்டு வந்திருக்கிறேன், இவன் அறையில் ஏசியைப் போட்டுக்கொண்டு வேண்டுகிறான்.

சரி மாப்ள, எனக்கு இனிமேல் இந்த விளையாட்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கூட்டணியிலிருந்து விலகினேன். அவன் வருத்தப்பட்டான். எனக்கு அது கொஞ்சம் திருப்தியாக இருந்தது. அப்புறம் வேறு பெயரில் மறுபடி உள்ளே போனேன். போரிஸ் என்று பெயர் வைத்துக்கொண்டேன். சிதம்பரத்துக்காரன் என்று யார் கண்டுபிடிப்பார்கள்? தில்லைப் படைக்கு ஜென்ம எதிரியாக ஒரு கூட்டணி இருந்தது, போலந்து, பிரேசில் ஆட்கள். அதில் சேர்ந்தேன். தலைவி போலந்தில் ஒரு பள்ளி ஆசிரியை. தில்லைப் படையை எப்படி அடிப்பது என்று எனக்குத் தெரியும் என்றேன்.

எப்படித் தெரியுமா? ராகு காலம்.

கலியமூர்த்தி ராகு காலத்தில் கப்பல் கிளப்ப மாட்டான். நிஜ கிரேனையே அந்த நேரத்தில் முதல் தூக்கு தூக்க மாட்டான், பொம்மைக் கப்பலை விடுவானா? கூட்டணிக்கே அது சட்டம். எதிரி வந்து வாசலில் நின்றாலும், “இன்னும் கொஞ்ச நேரம் பொறுங்கப்பா, ராகு போயிடட்டும்” என்பான். அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு அடி வாங்குவார்கள். நான் அந்த ரகசியத்தைப் போலந்துக்காரிக்குச் சொன்னேன். ஒரு பாம்பு சூரியனை விழுங்க வருகிற நேரம் என்று விளக்கினேன். சிரித்துச் சிரித்து உருண்டாள். அடுத்த வாரம் காலண்டரைப் பார்த்து அடித்தோம். ஊரில் இருக்கிற ஒவ்வொருத்தன் நட்சத்திரமும் விழுந்தது. என் ஒன்றுவிட்ட அண்ணன் மகன் ஒரே நாளில் எல்லாவற்றையும் இழந்துவிட்டு அழாத குறையாக என் வீட்டுக்கே வந்து சொன்னான். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

ஆனால் கலியன் விழவில்லை. ராகு காலத்தில் போனால், விழித்துக்கொண்டு நின்று அடித்தான். எனக்குப் புரியவே இல்லை. அப்புறம்தான் உறைத்தது. அவன் தோஹாவில் இருக்கிறான். அங்கே சூரியன் பிறகு உதிக்கிறது. அவனுக்கு ராகுவும் பிறகுதான் வருகிறான். நான் சிதம்பரத்துக் காலண்டரைக் கிழித்து வைத்துக்கொண்டு போர் நடத்தியிருக்கிறேன்! பொறியாளர் என்று பெயர்.

அவன் என்னிடமே புலம்புவான். “அத்தான், போரிஸ்னு ஒரு கழுத. நம்ம ஆளு மாதிரியே இருக்கான் அத்தான், ராகு காலம் பாத்து அடிக்கிறான். ரஷ்யாக்காரனுக்கு இது எப்படித் தெரியும்?” நான், “காலம் கெட்டுப்போச்சு மாப்ள” என்பேன். “நீங்க மறுபடி உள்ள வாங்க அத்தான். உங்க நட்சத்திரம் அங்கதான் இருக்கு” என்பான். உங்க நட்சத்திரமாம். வசுமதி என்று பெயர் எழுதி வைத்துக்கொண்டு.

இருங்கள் தம்பி, அவள்தான் கூப்பிடுகிறாள்.

சொல்லு வசு... தஞ்சாவூர் தாண்டியாச்சு... அவன் பன்னண்டுக்குத்தான் எறங்குவான், நான் அதுக்குள்ள போயிடுவேன்... சரி... சரி, இட்லி வாங்கிக் குடுக்கிறேன்... நான் எதுக்குடி அவன்கிட்ட மூஞ்சியத் தூக்கப் போறேன்?... நீ டயாலிசிஸுக்குப் போ, கூப்பிட வந்துட்டாங்களா?... சரி, போன நர்ஸ்கிட்டயே குடுத்துட்டுப் போ. வை.

பிளேனில் எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டானாம். அதுதான் கவலை அவளுக்கு. அவள் சாப்பிட்டாளா என்று நான்தான் கேட்க வேண்டும்.

ஆமாம், அவன்தான். இன்றைக்குத் திருச்சியில் இறங்குகிறான். வசுமதிக்குக் கிட்னி கொடுக்க வருகிறான். அடுத்த வாரம் ஆபரேஷன். அவள் இப்போதே அட்மிட். நான் துணிமணி எடுக்கச் சிதம்பரம் போய்விட்டு, அவனை ஏர்போர்ட்டில் கூட்டிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரி போகிறேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? அது வேறு, இது வேறு தம்பி. கிட்னி கொடுப்பது நல்ல விஷயம். நான் இல்லை என்று சொன்னேனா? ஆனால் என்ன நடந்தது என்று முழுதாகக் கேளுங்கள். முதலில் கொடுக்கிறேன் என்று சொன்னது நான். தை மாதம் நான்தான் போய்ப் படுத்தேன். ஊசி குத்தி, ஸ்கேன் எடுத்து, எல்லாம் செய்தார்கள். உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது, நீங்கள் கொடுக்கக்கூடாது என்றார்கள். எனக்குச் சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். டாக்டர் சின்னப் பெண். “நீங்க ஆசைப்படுறீங்க சார், உடம்பு இடம் குடுக்கலையே” என்றாள். வசுமதி என் கையைத் தட்டிக்கொடுத்தாள். நோயாளி அவள், எனக்கு ஆறுதல் சொல்கிறாள்.

கலியன் பத்து நாள் லீவில் பறந்து வந்தான். அவனுக்கு எல்லாம் பொருந்தியது. பொருந்தாமல் இருக்குமா, ஒரே ரத்தம். ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து என் தோளில் கை போட்டான். “விடுங்க அத்தான். நான் பாத்துக்கிறேன்” என்றான்.

அதே வார்த்தை. எதையெல்லாம் நான் அவனைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேனோ, அதெல்லாம் அவனுடையதாகிவிடுகிறது. முப்பத்திரண்டு வருஷம் அவளோடு வாழ்ந்தவன் நான். இனிமேல் அவளைப் பார்க்கிறவர்கள் எல்லோரும், தம்பி கொடுத்தான், தம்பியால் உயிரோடு இருக்கிறாள் என்பார்கள். சொல்லத்தானே செய்வார்கள்? அத்தான் என்ன கொடுத்தார்? இட்லி வாங்கிக் கொடுத்தார்.

சில நேரம் எனக்கே சந்தேகம் வரும். நான் கோபப்படுவது நட்சத்திரத்துக்காகவா என்று. ஷிஃப்டில் தனியாக உட்கார்ந்து இதை நிறைய யோசித்திருக்கிறேன். நட்சத்திரத்துக்காகத்தான். வேறு எதற்காக என்றால் நான் மனிதனே இல்லை என்று ஆகிவிடும் இல்லையா? அதனால் நட்சத்திரத்துக்காகத்தான்.

இந்த டிக்கெட் அவன் போட்ட அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இதுதான் சமயம் என்று. தோஹாவில் ஏறி இங்கே இறங்கும்வரை அவன் போன் வேலை செய்யாது. ராகுவை நம்பி ஏமாந்தேன், விமானம் ஏமாற்றாது. ஏறுவதற்கு முன்னால் எனக்கு ஒரு வாய்ஸ் அனுப்பியிருக்கிறான். இருங்கள், போட்டுக் காட்டுகிறேன்.

“அத்தான், ஏறிட்டேன். போன ஆஃப் பண்ணப் போறேன். அந்த போரிஸ் நாயி நான் வர்றதுக்குள்ள எதுவும் பண்ணாம இருக்கணும், அதான் பயம். நீங்க வெளில நிக்காதீங்க, வெயிலு. உள்ள உக்காருங்க.”

கேட்டீர்களா, நாயாம். வேண்டுமென்றேதான் இந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். வெள்ளிக்கிழமை, பத்தரையிலிருந்து பன்னிரண்டு. நம் ஊர் ராகு காலம். அவன் இப்போது நம் ஊரை நோக்கி வந்துகொண்டிருக்கிறான், அப்படியென்றால் அவனுக்கும் இதே ராகுதான். இறங்கிப் போனைத் திறந்ததும் பார்க்கட்டும். எந்த நேரத்தில் போனது என்று பார்த்துத் துடிக்கட்டும். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஐயப்பன் வேறு, ராகு வேறு. எதிரி நம்புகிறான், அது போதும்.

வல்லம் வந்துவிட்டது. இதோ, கோடு தொட்டுவிட்டது பாருங்கள். பாருங்கள் தம்பி, என் ராட்சசனை. எவ்வளவு நாளாகிறது இவ்வளவு கிட்டத்தில் பார்த்து. எவ்வளவு சிவப்பு. கொஞ்சம் இளைத்த மாதிரி இருக்கிறது. நடுவில் அந்த நூல், அதன் குறுக்கே இந்தக் கறுப்புப் புள்ளிகள் எல்லாம் அவன் கட்டிய நிலையங்கள். எத்தனை கட்டியிருக்கிறான்! வேறு வேலையே பார்க்கவில்லை போலிருக்கிறது. காவலுக்குக் கப்பல் கொஞ்சமாக இருக்கிறது. எல்லாவற்றையும் இந்தப் புள்ளிகளிலேயே கொட்டியிருக்கிறான்.

முதலில் இந்தப் புள்ளிகளைத்தான் அடிக்க வேண்டும். என்ன? இங்கிலீஷில் ஏதோ கேட்கிறதா? கண்ணாடி மேலே பையில் இருக்கிறது, நீங்களே படித்துச் சொல்லுங்கள்.

ம்.

இவையெல்லாம் ஆயுதம் இல்லையா. வெள்ளை நட்சத்திரத்துக்குப் போவதைத் தடுத்துக்கொண்டிருக்கிறதா. இதை உடைத்தால் நிலை தவறலாம் என்று கேட்கிறதா. இன்னும் திரும்பிப் போகலாம் என்றும் கேட்கிறதா.

குடை. இதைத்தான் குடை என்றானா.

இல்லை, அவசரப்படுத்தாதீர்கள். யோசிக்கிறேன். எனக்கு நேரம் இருக்கிறது. அந்த ஓரத்தில் எண்கள் இறங்குகின்றனவே, அது முடியும்வரை இருக்கிறது.

வேண்டாம் என்கிறீர்கள். உங்கள் வயதில் சொல்வது எளிது. உங்கள் தோளில் யாரும் கை போட்டு, விடுங்கள் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தக் கை எவ்வளவு கனம் தெரியுமா? இன்னும் இங்கே இருக்கிறது. வலது பக்கம். ஏர்போர்ட்டில் வந்து மறுபடி போடப்போகிறான். “நான் பாத்துக்கிறேன் அத்தான்.” பார்த்துக்கொள்ளடா. இதையும் பார்த்துக்கொள்.

தொட்டுவிட்டேன்.

போகிறது. ஒன்று போயிற்று. அந்தப் பக்கம் இன்னொன்று. அவன் கப்பல்கள் அசையவே இல்லை பாருங்கள், கட்டளை கொடுக்க ஆள் இல்லை. நான்கு, ஐந்து... எல்லாம் போகிறது. நூல் தடித்துவிட்டது. கயிறு மாதிரி ஆகிவிட்டது. எவ்வளவு வேகமாகக் குடிக்கிறது தம்பி அது! இப்படிக் குடித்து நான் பார்த்ததில்லை. போதும். போதும், நிற்கவேண்டும் இப்போது. எங்கே நிறுத்துவது? இங்கே தொட்டால் வேறு எதுவோ வருகிறது. நீங்கள் பாருங்கள், உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும்.

திரை வெள்ளையாகிவிட்டது.

போன் செத்துவிட்டதா? வயர் சேர்ந்துதானே இருக்கிறது? சத்தம் மட்டும் வருகிறது. இல்லை, இதோ வருகிறது. புகை மாதிரி இருக்கிறது. ராட்சசன் எங்கே? அந்த மூலையில் பாருங்கள். நகர்த்திப் பாருங்கள். இல்லையா? என் படையும் இல்லையா?

ஏதோ எழுதியிருக்கிறது. படியுங்கள்.

அப்படியேவா போட்டிருக்கிறது? வசுமதி அழிக்கப்பட்டது, அழித்தவர் போரிஸ் என்று? அந்த வார்த்தைதானா? சரியாகப் படியுங்கள் தம்பி. வேறு ஏதாவது அர்த்தம் இருக்கும். நட்சத்திரத்தின் பெயர் அது, நட்சத்திரம் என்று சேர்த்துப் போட்டிருக்க வேண்டும் இல்லையா? வெறும் பெயர் மட்டும் போட்டால் என்ன அர்த்தம்?

இந்தப் புகைக்கு இனிமேல் போரிஸ் என்று பெயராம். உடைத்தவன் பெயரை அதுவே வைத்துவிடுமாம். பாருங்கள், என் பெயர்கூட இல்லை.

பெருமைப்பட வேண்டும். ஜெயித்துவிட்டேன். ஜெயித்துவிட்டேன் இல்லையா?

விளையாட்டுதானே தம்பி இது? நீங்கள் படித்தவர், சொல்லுங்கள். ஒரு கம்பெனிக்காரன் எங்கேயோ உட்கார்ந்து படம் வரைந்து விட்டிருக்கிறான். அதில் ஒரு பைத்தியக்காரன் பெயர் எழுதி வேண்டிக்கொண்டான் என்றால் அதற்கும் இதற்கும் என்ன? அது வெடிக்காமல் இருக்கிறவரைக்கும் என்றானே. அவன் யார் அப்படிச் சொல்ல? வேண்டிக்கொண்டான் சரி, அதை என்னிடம் எதற்குச் சொன்னான்? தனக்குள் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே?

மணி என்ன? பதினொன்றரையா? இன்னும் முடியவில்லையா ராகு?

போன் அடிக்கிறது. அதற்குள் அவனா? பன்னிரண்டுக்கு என்றார்களே. முன்னாலேயே இறக்கிவிட்டார்களா? நீங்கள் எடுங்கள். வேண்டாம், வேண்டாம், நானே எடுக்கிறேன்.

சொல்லு மாப்ள... எறங்கிட்டியா... துவாக்குடி வந்துட்டேன்... போன இப்பத்தான் போட்டியா? வேற எதுவும் பாக்கலையே?... இல்ல, சும்மா கேட்டேன்... அக்கா நல்லா இருக்கா. நல்லா இருக்கா மாப்ள, இப்பத்தான் பேசினா... பொட்டி வந்துடுச்சா? வந்தாலும் நீ வெளில வராத. நான் சொல்றதக் கேளு, வாசலத் தாண்டாத. பன்னண்டு ஆகட்டும். ராகு போகட்டும். அதுவரைக்கும் உள்ளயே உக்காரு... நான்தான் சொல்றேன்... சிரிக்காதடா... சிரிக்காத. சொன்னாக் கேளு மாப்ள, உனக்கு ஒண்ணுன்னா... சரி. வை. அந்த விளையாட்டத் தெறக்காத இப்ப. நான் வந்துடறேன்.

சிரிக்கிறான். அத்தானுக்கும் புத்தி வந்துவிட்டதே என்கிறான்.

பவர் பேங்க்கை இன்னும் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்கிறேன் தம்பி. ஒரே ஒரு போன். வசுமதிக்குத்தான். குரலைக் கேட்டுவிட்டால் போதும், உடனே கொடுத்துவிடுகிறேன்.

மணி அடிக்கிறது.

எடுக்கவில்லை. எப்போதும் உடனே எடுத்துவிடுவாள், போன் தலையணைக்குப் பக்கத்திலேயே இருக்கும். மறுபடி போடுகிறேன். அடிக்கிறது. ஏன் எடுக்கவில்லை?

என்ன சொல்ல வருகிறீர்கள்? நர்ஸா? எந்த நர்ஸ்? கொஞ்சம் இருங்கள் தம்பி, கையைப் பிடிக்காதீர்கள், பிறகு சொல்லுங்கள். இன்னும் அடித்துக்கொண்டேதான் இருக்கிறது.